நூற்றுக்குப் பதினொன்று

மல்லசமுத்திரத்துக்கு வெளியே புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். அதற்கு வெள்ளைக் கோடு அடிக்க வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. யார் அடிப்பது என்பதுதான் முடிவாகவில்லை. அந்த இடைவெளியில் ஒரு சாயங்காலம் நாச்சிமுத்து தன் மொபெட்டில் வந்தார். பின்னால் அவர் மனைவி சென்னியம்மாள், மடியில் கத்தரி நாற்றுக் கட்டை வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். வண்டி தூக்கிப் போட்டது. நாச்சிமுத்து சமாளித்து, கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, "ரோட்டுல மேடு போட்டிருக்கறானுக பாரு" என்று திரும்பிச் சொன்னபோது பின்னால் யாரும் இல்லை.

அவளைச் சேலம் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். மண்டைக்குள் வலப்பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. எலும்பைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். அறுவை செய்த டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது" என்றார்.

"பொழைச்சுக்குவாளுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"அதை அஞ்சாவது மாடியில சொல்லுவாங்க."

அந்த மருத்துவமனையில் கீழே நான்கு மாடிகளில் வைத்தியம் நடந்தது. ஐந்தாவது மாடியில், அந்த வைத்தியம் பலிக்குமா பலிக்காதா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மூளைக்காய மீட்சி முன்கணிப்பு ஆய்வு மையம் என்று அதற்குப் பெயர். கட்டடத்திலேயே ஏசி நன்றாக வேலை செய்த மாடி அதுதான்.

அங்கே தமிழினி என்ற பெண் இருந்தாள். ராசிபுரத்துக்காரி, ஆய்வு ஒருங்கிணைப்பாளர். நாச்சிமுத்துவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மனைவிக்கு என்ன வயது, சர்க்கரை உண்டா, விழுந்து எவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்றெல்லாம் கேட்டுக் கணினியில் போட்டாள். கண்மணி சுருங்குகிறதா, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பதெல்லாம் கீழேயிருந்து ஏற்கெனவே வந்திருந்தன. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரை கொஞ்சம் யோசித்தது.

"பதினொண்ணுங்க" என்றாள் தமிழினி.

"பதினொண்ணுன்னா?"

"நூத்துக்குப் பதினொண்ணு. இவங்க மாதிரி அடிபட்டவங்க நூறு பேர்ல பதினொரு பேரு ஆறு மாசத்துல எந்திரிச்சு, தன் வேலையைத் தானே பாத்துக்குவாங்க."

நாச்சிமுத்துவுக்கு அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அவர் ஊர்ப் பக்கம் போர்வெல் போட்டால் தண்ணீர் வருவதும் அந்த அளவுக்குத்தான். இருந்தும் துளை போடும் ரிக் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அந்தப் பதினொண்ணுல என்ற ஊட்டுக்காரி இருக்கறாளுங்களா?"

"அது தெரியாதுங்க."

"அப்ப ஆருக்குத் தெரியுமுங்க?"

தமிழினி கொஞ்சம் தயங்கி, டைரக்டர் அறைக் கதவைக் காட்டினாள்.

டைரக்டர் டாக்டர் தீனதயாளன் ஒரு காலத்தில் பெயர் பெற்ற மூளை அறுவை நிபுணர். இப்போது அறுவை செய்வதில்லை. காரணத்தை அவரே எல்லோரிடமும் சொல்வார், நாச்சிமுத்துவிடமும் சொன்னார்.

"கத்தி பிடிச்ச காலத்துல நான் சொன்னது பல தடவை தப்பாப் போயிருக்கு. நல்லா வருவார்னு சொன்னா போயிடுவார், போயிடுவார்னு சொன்னா நடந்து வருவார். ரொம்ப மனவேதனை. கத்தியை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தேன். அதுக்கப்புறம் நான் சொன்னது தப்பினதே இல்லை."

"சாமி, என்ற ஊட்டுக்காரி அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தியான்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, வகுப்பெடுக்கப் போகிறவரின் சிரிப்பு. "அறிவியல் தனி ஆளைப் பத்திப் பேசாது, பெரியவரே. கூட்டத்தைப் பத்தித்தான் பேசும்."

"நான் அவளைத் தனியாத்தானுங்களே கூட்டிட்டு வந்தேன்."

"அதுதான் மக்கள் பண்ற தப்பு" என்றார் டாக்டர்.

மூன்றாவது மாடியில் மறுவாழ்வுக் கூடம் என்று ஒன்று இருந்தது. அங்கே கை காலை நீட்டி மடக்கவும், நிற்கவும், விழுங்கவும், பேசவும் பழக்கினார்கள். நல்ல பயிற்சியாளர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கணிப்பு முப்பதும் அதற்கு மேலும் வந்தவர்களுக்கே அங்கே படுக்கை.

"படுக்கைங்க கம்மி. வரமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்குக் குடுத்து வீணாக்கக் கூடாது இல்லையா?"

"முப்பதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"அவங்களைக் கைவிட்டுடுவோம்னு நினைக்காதீங்க. தொடர்ந்து கண்காணிப்போம்."

"கண்காணிக்கறதுன்னா?"

"என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றார் டாக்டர் தீனதயாளன்.

சென்னியம்மாளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து காலையும் மாலையும் உள்ளே போய்ப் பார்த்தார். மற்ற நேரம் வராந்தாவில் இருந்தார். குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மதுமதி வந்து சோறு கொடுத்துவிட்டு, அழுதுவிட்டுப் போவாள். மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுவதைப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நாச்சிமுத்து உள்ளே போனபோது சென்னியம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள். வெறுமனே திறந்திருக்கவில்லை. அவர் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனபோது கண்ணும் கூடவே வந்தது. நர்சு கூப்பிட்டுச் சொல்ல, தமிழினி ஐந்தாவது மாடியிலிருந்து ஓடிவந்தாள். பார்த்துவிட்டு ஓட்டமாகவே மேலே போனாள். திரும்பி வந்தபோது மெதுவாக நடந்து வந்தாள்.

"கண்ணு தெறந்தாப் போதாதுங்களாம். சொன்ன பேச்சைக் கேக்கறாங்களான்னு பாக்கோணுமாம். அப்பத்தான் கணிப்பை மறுபடி போடலாமான்னு யோசிப்பாங்க."

அதற்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. வெளிநாட்டு ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்து, ஒரு பேராசிரியரை வைத்து மொழிபெயர்த்து, நெறிமுறைக் குழுவில் வைத்து அங்கீகாரம் வாங்கிய வாக்கியம். தமிழினி அதை அட்டையில் வைத்திருந்தாள். கட்டிலருகே நின்று நிதானமாகப் படித்தாள்.

"அன்புகூர்ந்து தங்களது வலக்கரத்தினை உயர்த்துக."

சென்னியம்மாள் அவளைப் பார்த்தாள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர் வாசிக்கும்போது பார்ப்பதுபோல, மரியாதையாக, ஆனால் தனக்கல்ல என்பதுபோலப் பார்த்தாள். தமிழினி இடைவெளி விட்டு மறுபடி படித்தாள். பிறகு ஒருமுறை படித்தாள்.

நாச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "சென்னி, அந்தக் கையக் கொஞ்சம் தூக்கு புள்ள" என்றார்.

சென்னியம்மாள் வலது கையைத் தூக்கினாள். ஊசி போட்டிருந்த குழாயோடு சேர்த்துத் தூக்கினாள்.

தமிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு திரையில் 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

"ஏனம்மிணி, தூக்குனாளே."

"தூக்குனாங்க. நான் சொல்லித் தூக்கலீங்களே."

"நீ சொன்னது என்னன்னு எனக்கே வெளங்குலியே, சாமி."

"எங்கம்மா கூட இதைக் கேட்டுக் கை தூக்க மாட்டாங்க" என்றாள் தமிழினி, குரலைத் தாழ்த்தி. "ஆனா இதுதான் அங்கீகாரம் வாங்குன வாக்கியம். ஒரு வார்த்தை மாத்துனாலும் ஆய்வு செல்லாதுன்னு சொல்லியிருக்காங்க."

"மறுபடி எப்பங்க கேப்பீங்க?"

"அடுத்த வாரம்."

நாச்சிமுத்து படித்தது ஆறாம் வகுப்பு வரை. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அவர் மனைவிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். உள்ளே விடும் நேரத்தில் கட்டில் பக்கம் குனிந்து, "கரம்னா கை, புள்ள. வலக்கரம்னா சோத்தாங்கை. உயர்த்துகன்னா தூக்கறது. அன்புகூர்ந்துன்னா... அதை உடு, அது சும்மா" என்று காதில் ஓதினார். நர்சு பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

வராந்தாவில் அவருக்கு ஒரு துணை கிடைத்திருந்தான். வாழப்பாடிப் பக்கத்து ஆள், வீரன் என்று பெயர். ரிக் வண்டியில் வேலை. வண்டி மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வந்தவன். அவனுக்குக் கணிப்பு தொண்ணூற்று நான்கு. வந்த பத்தாம் நாளே எழுந்து நடந்துவிட்டான். இருந்தும் மூன்றாவது மாடியில் அவனுக்குப் படுக்கை இருந்தது. தினமும் அவனை நிற்கப் பழக்கினார்கள், நடக்கப் பழக்கினார்கள். மத்தியானம் அவன் கேரம் விளையாடுவான். அது விரலுக்குப் பயிற்சி என்று எழுதிக்கொள்வார்கள்.

"ஊருக்குப் போறேன்னு சொன்னா உட மாட்டேங்கிறாங்கண்ணா" என்றான் வீரன். "நடுவுல நான் எங்கியாவது விழுந்து வெச்சா அவங்க நம்பர் கெட்டுப் போயிடுமாம். கவனமா பாத்துக்கணும்னு டைரக்டர் சொல்லியிருக்காரு."

நாச்சிமுத்துவின் கதையைக் கேட்டதும், "அவ்ளோதானே? என் படுக்கைய அக்காவுக்குக் குடுத்துடுறேன்" என்று எழுந்தான். இருவரும் ஐந்தாவது மாடிக்குப் போனார்கள். அங்கே கணக்குப் பார்க்கும் நவீன்குமார் என்ற இளைஞர் அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை என்று சொன்னார். பிறகு, விழுக்காடு ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றத் தக்கதல்ல என்றார்.

"விழுக்காடு வேணாங்க, படுக்கை மட்டும் போதும்" என்றான் வீரன்.

"படுக்கை விழுக்காட்டுக்குத்தான் குடுத்திருக்கு. உங்களுக்குக் குடுக்கலை" என்றார் நவீன்குமார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்ததுபோலக் கணினி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் தமிழினி அட்டையோடு வந்தாள். "அன்புகூர்ந்து தங்களது வலக்கர..." என்பதற்குள் சென்னியம்மாள் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கையை இறக்காமல் புருசனைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை விடை சொல்லிவிட்டு வாத்தியாரைப் பார்ப்பது போல இருந்தது. நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தார். தமிழினி 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

மறுநாள் நாச்சிமுத்துவை மேலே கூப்பிட்டனுப்பினார்கள். படுக்கை கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, சட்டை மாற்றிக்கொண்டு போனார். நீள மேசையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் டாக்டர் தீனதயாளன். ஓர் ஓரத்தில் தமிழினி தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியவரே, நீங்க அந்த வாக்கியத்தை உங்க மனைவிக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை நாள்?"

"நாலஞ்சு நாளுங்க."

டாக்டர் குழுவைப் பார்த்தார். "பார்த்தீங்களா? கேள்வித்தாள் வெளியே போயிருக்கு. பரீட்சையில் காப்பியடிக்கறது மாதிரிதான் இது. இந்த விடையை நாம எடுத்துக்க முடியாது."

நாச்சிமுத்துவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். "ஏனுங்க சாமி, மண்டையில அடிபட்டுக் கெடக்கறவ, தெரியாத பேச்ச நாலு நாள்ல கத்துக்கிட்டாளே. மூளை வேலை செஞ்சாத்தானுங்களே கத்துக்க முடியும்?"

நவீன்குமார் எதையோ குறித்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர் தீனதயாளன். "இதுக்குத் தனியா ஓர் ஆய்வு தேவை."

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மனம் விட்டுப் பேசினார். "நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. இந்தம்மா எழுந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஒரு நிறுவனம்னு இருக்கு. பதினொண்ணுன்னு நாங்க சொன்ன வகையில இந்த வருஷம் ஏற்கெனவே பதினோரு பேர் எங்க பேச்சைக் கேக்காம எழுந்துட்டாங்க. நூத்துக்குப் பதினொண்ணு. முடிஞ்சு போச்சு. பன்னிரண்டாவதா ஒருத்தர் எழுந்தா நாங்க சொன்னது என்ன ஆகும்? நாளைக்கு எங்களை யார் நம்புவாங்க? எங்களை நம்பலைன்னா, குணமாகப் போறவங்க யாருன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிச்சுக் குணப்படுத்தறது?"

"சார், கணக்கு அப்படி வராது..." என்று நவீன்குமார் ஆரம்பித்தார்.

"உங்க முறை வரும்போது பேசுங்க" என்றார் டாக்டர். அன்று நவீன்குமாரின் முறை வரவில்லை.

குழு சில முடிவுகளை எடுத்தது. வாக்கியத்தை வட்டார வழக்கில் மாற்ற ஒரு துணைக்குழு அமைப்பது. அந்த மாற்றம் அடுத்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு வரும். உறவினர் நோயாளியிடம் தேவையில்லாமல் பேசுவதைத் தவிர்க்கும்படி வராந்தாவில் அறிவிப்புப் பலகை வைப்பது. சென்னியம்மாளின் கணிப்பு பதினொன்றாகவே நீடிக்கும்.

"படுக்கைங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"பதினொண்ணுக்குப் படுக்கை இல்லை" என்றார் டாக்டர், தெரிந்த விஷயத்தை மறந்தவருக்கு நினைவூட்டுவதுபோல.

அதற்குப் பிறகு சென்னியம்மாள் பொது வார்டில் கொஞ்ச நாள் இருந்தாள். தொண்டைக் குழாயை எடுத்தார்கள். மூன்றாவது மாடிப் பயிற்சியாளர் ஒருவர் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது நாச்சிமுத்து காலில் விழாத குறையாகக் கேட்டார். அந்த ஆள் நல்ல மனிதர். வந்து பார்த்தால் அது பயிற்சி என்று ஆகிவிடும், பயிற்சி கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அது உண்மைதான். ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை.

வீட்டில் சென்னியம்மாளுக்குப் பேச்சு வந்தது. முதலில் காற்றாக வந்தது, பிறகு குரலாக. இடது கையும் காலும் வரவில்லை. கை மெல்ல மெல்ல மார்புப் பக்கம் மடங்கிக்கொண்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டன. பாதம் கீழ்நோக்கி வளைந்து விறைத்தது. தூக்கி நிறுத்தினால் பாதம் தரையில் பதியவில்லை. நாச்சிமுத்துவும் மதுமதியும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள். ஒருதரம் மூன்று பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. மதுமதிக்குக் குமாரபாளையத்தில் தறிகளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. எவ்வளவு நாள் இருக்க முடியும். போகும்போது, "அப்பா, புரட்டிப் புரட்டிப் படுக்க வையுங்க, புண்ணு வந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் புரட்டித்தான் படுக்க வைத்தார். இருந்தும் இடுப்பில் ஒரு புண் வந்தது.

வீரனை ஒருவழியாக விட்டிருந்தார்கள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தான். தனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியெல்லாம் மனப்பாடம் என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். அத்தனையும் நன்றாக இருக்கும் கைக்கான பயிற்சிகள். சென்னியம்மாளின் கை அதற்கெல்லாம் அசையவில்லை. வீரன் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, "எனக்குப் பண்ணினதுல ஒரு பாதிய இந்த அக்காவுக்குப் பண்ணியிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல், தட்டில் வைத்த சோற்றைச் சாப்பிடாமல் போனான்.

ஆறாவது மாதம் முடிந்ததும் தமிழினி வந்தாள். கையில் கணினிப் பலகை. இது இறுதி மதிப்பீடு என்றாள். கேள்விகளை உடனிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். கணிப்பு குறைவாக உள்ளவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது விதி.

"நோயாளி கடைக்குத் தனியாகச் சென்று பொருள் வாங்க வல்லவரா?"

நாச்சிமுத்து வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "அடிபடறதுக்கு முன்னால மட்டும் இவரு என்னையத் தனியா உட்டாராக்கும்? அப்பவும் வல்லவரு இல்லைன்னு எழுதிக்க கண்ணு."

தமிழினி சிரித்துவிட்டாள். பிறகு திரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "முன்பு பங்கேற்ற கேளிக்கைகளில் தற்போதும் பங்கேற்கிறாரா?"

"கேளிக்கைன்னா என்னங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"சினிமா, விருந்து, அந்த மாதிரிங்க."

"கறவை மாடு வெச்சிருந்தா ஏது சாமி அதெல்லாம்" என்றாள் சென்னியம்மாள்.

கடைசிக் கேள்வி, பிறர் உதவியின்றி ஒரு நாள் முழுவதும் வீட்டில் இருக்க முடியுமா என்பது. அதற்குச் சென்னியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்து, "முடியாதுங்க" என்றார். தமிழினி கட்டத்தைத் தொட்டாள். 'கடுமையான இயலாமை' என்று வந்தது. அதற்குக் கீழே 'கணிப்பு சரி' என்று பச்சை எழுத்தில் வந்து, திரை முழுவதும் பலூன்கள் பறந்தன. அப்படி ஒன்றை யாரோ அதில் ஏற்பாடு செய்திருந்தார்கள். தமிழினி சட்டென்று பலகையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மையத்துக்கு ஒரு விருது கிடைத்தது. துல்லியத்துக்கான விருது. மருத்துவமனை அரங்கில் விழா வைத்தார்கள். பங்கேற்ற குடும்பங்கள் சார்பில் நாச்சிமுத்துவை அழைத்திருந்தார்கள். காரே அனுப்பினார்கள். பக்கத்து வீட்டம்மாளைச் சென்னியம்மாளுக்குத் துணை வைத்துவிட்டு அவர் போனார். விழாவுக்கு மரியாதைக்காகப் போகவில்லை. ஆய்வுதான் முடிந்துவிட்டதே, இனியாவது அந்தப் படுக்கையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனார்.

டாக்டர் தீனதயாளன் நன்றாகப் பேசக்கூடியவர். "நண்பர்களே, இந்த உலகத்தில் எல்லா மருத்துவமனைகளும் நோயாளிகளை மாற்றத்தான் பார்க்கின்றன. நாங்கள் அவர்களை உள்ளபடியே ஏற்றுக்கொண்டோம். வருவார் என்று சொன்னவர்கள் வந்தார்கள், அவர்களுக்காக இரவு பகலாக உழைத்தோம். வரமாட்டார் என்று சொன்னவர்கள் வரவில்லை. அதற்காக நாங்கள் எதையும் செய்யவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியாது. உறவினர்கள் கெஞ்சுவார்கள், அழுவார்கள். எங்கள் பயிற்சியாளர்களே கண் கலங்குவார்கள். அத்தனையையும் தாங்கிக்கொண்டு, அறிவியலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு நாச்சிமுத்துவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார் நாச்சிமுத்து. அரங்கு பெரியதாக இருந்தது. தன் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்ததில் கொஞ்சம் மிரண்டுபோனார். "டாக்டர் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. ஆராய்ச்சிதான் முடிஞ்சுதுங்களே. மூணாவது மாடியில ஒரு படுக்கை குடுத்தீங்கன்னா, கை காலு நீட்டறதுக்காச்சும் பழக்கிப் பாக்கலாமுங்க."

டாக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஆறு மாசத்துக்கு மேல பயிற்சி குடுத்துப் பயன் இல்லைன்னு நம்ம ஆய்விலேயே வந்திருக்கு, பெரியவரே."

"ஆறு மாசத்துக்கு முன்னாலயும் கேட்டனுங்களே."

"அப்போ கணிப்பு பதினொண்ணு. வரமாட்டாங்கன்னு சொல்லுச்சு."

"ஆமாங்க."

"இப்ப வந்துட்டாங்களா?"

"இல்லீங்க."

டாக்டர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்க, ரெண்டும் எவ்வளவு சரியா ஒத்துப்போகுது."

சபை எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் நின்றிருந்தவர்களும் தட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று நாச்சிமுத்துவும் ஒலிவாங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார். முன்வரிசை ஓரத்தில் தமிழினி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் சென்னியம்மாளுக்கு முகம் கழுவிவிட்டு, கஞ்சி கொடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டார். கொடியில் கிடந்த சால்வையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்குங்க அதைக் குடுத்தாங்க?"

நாச்சிமுத்துவுக்குப் பொய் வரவில்லை. "நீ எந்திரிக்காததுக்கு" என்றார்.

"துணி நல்லாத்தான் இருக்குது. மதுமதிக்குக் குடுத்துருங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய இடது கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். தினமும் செய்வதுதான். சுருண்ட விரல்களை வெந்நீரில் நனைத்த துணியால் நீவி, ஒவ்வொன்றாக விரிக்கப் பார்ப்பார். எவ்வளவு இழுத்தாலும் சென்னியம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. அன்று நடுவிரலை நிமிர்த்தியபோது அவள் முகம் சுளித்தாள்.

"வலிக்குதுங்க."

நாச்சிமுத்து கையை விட்டுவிட்டார். "என்ன சொன்ன?"

"வலிக்குதுங்கறேன்."

"எங்க? இந்தக் கையா?"

"பின்ன ஊர்க்காரன் கையா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தமிழினிக்குப் போன் செய்தார். விவரம் சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"நெசமா வலிக்குதுன்னாங்களா?" என்று கேட்டாள் தமிழினி.

"நெசமாத்தான் கண்ணு. மொகத்தச் சுளிச்சாளே. இதை எழுதிக்கறயா? டாக்டர்கிட்டக் காட்டுனா ஏதாச்சும்..."

"அவங்க ஃபைலை மூடிட்டாங்கய்யா. இனி எழுதறதுக்கு எடமே இல்லீங்க."

"செரி சாமி."

"ஐயா, உட்டுறாதீங்க. மெதுவா நீவிக்கிட்டே இருங்க" என்றாள் தமிழினி. வேறு என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது. போனை வைக்கவும் இல்லை. நாச்சிமுத்துதான் வைத்தார்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சென்னியம்மாள், "ஆருகிட்டப் பேசுனீங்க?" என்று கேட்டாள்.

"ஆருகிட்டயும் இல்ல புள்ள."

கையை எடுத்து மறுபடி மடிமேல் வைத்தார். நடுவிரலைத் தொடத் தயங்கிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். விட்டால் கை மடங்கிப்போகும். பிடித்தால் வலிக்கும்.

"பாத்துங்க, மெதுவா" என்றாள் அவள்.

அவர் மெதுவாகத்தான் பிடித்தார். அவளுக்கு வலித்தது.